வலை எங்கிருந்து வருகிறது?

பின்னேரம் கல்லடிக் கடற்கரைக்குக் காற்று வாங்கப் போனால் கூட்டாளிமாரால் நிம்மதியில்லை. ஸ்பைடர்மேன் பேச்சு வந்தாலே, "2002இல் வந்ததுதான் மச்சான் படம், மற்றதெல்லாம் சும்மா" என்று ஒருவன் தொடங்கிவிடுவான். அதில் நடித்த டோபி மக்வயரை எனக்கும் நல்ல விருப்பம். ஆனால் 2012இல் கதையை முதலிலிருந்து எடுத்தபோது, ஆண்ட்ரூ கார்ஃபீல்ட் மணிக்கட்டில் கருவி கட்டி வலை விட்டதை "களவு வேலை" என்கிறார்களே, அதைத்தான் தாங்க முடியவில்லை. 1962இல் ஸ்டான் லீயும் ஸ்டீவ் டிட்கோவும் சித்திரக்கதையில் உருவாக்கிய பொடியன் அந்தக் கருவியைத் தன் கையாலேயே செய்தவன். அவனுடைய மூளைக்கு அதுதானே சாட்சி! 2002 படத்தில் உடம்பிலிருந்தே வலை வருவதுதான் படத்துக்காகச் செய்த மாற்றம். இதை எத்தனை தரம் சொல்வது?

குறை சொல்ல இடம் இருக்கிறது. ஸ்பைடர்மேனின் பெரியப்பா சாவதைப் பத்து வருடத்தில் திரும்பவும் காட்டியது எனக்கும் சலிப்புத்தான். 2017இல் டொம் ஹொலண்ட் படத்தில் அதை விட்டுவிட்டார்கள், நல்லது. சரி, இப்படிப் பேசினால் விடிய விடியக் கதைக்கலாம். நேற்று என்னோடு மல்லுக்கு நின்றவன் 2012 படத்தை அரை மணித்தியாலம்கூடப் பார்க்கவில்லையாம்!