சம்பந்திக்கு அரண்மனை காட்டுதல்

(தக்கலையில் ஒரு சாயாக்கடை. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். ரிட்டையர் ஆன லைன்மேன் வேகவேகமாக வருகிறார்.)

லைன்மேன்: அண்ணாச்சி, ஒரு சாயா. கூடவே பத்மநாபபுரம் அரண்மனையைப் பற்றி உமக்குத் தெரிந்ததை எல்லாம் சொல்லும், சீக்கிரம்.

கடைக்காரர்: என்ன ஓய், இந்த வயதில் பரீட்சையா?

லைன்மேன்: அதைவிட மோசம். கோயம்புத்தூர் சம்பந்தி குடும்பத்தோடு நாளைக் காலையில் வந்து இறங்குகிறார். போனில் பேசும்போது வாய் சும்மா இருக்காமல், ‘கைடே வேண்டாம், அரண்மனையின் மூலைமுடுக்கெல்லாம் எனக்கு அத்துப்படி’ என்று சொல்லித் தொலைத்துவிட்டேன்.

கடைக்காரர்: நீர் உள்ளே போயிருக்கிறீரா?

லைன்மேன்: அஞ்சாம் கிளாஸில் கூட்டிக்கொண்டு போனார்கள். வாசலில் செருப்பைக் கழற்றி விட்டதும், திரும்பி வந்தபோது அது இல்லாததும் ஞாபகம் இருக்கிறது. நடுவில் ஒன்றும் இல்லை.

கடைக்காரர்: சரி, செருப்பிலிருந்தே ஆரம்பிப்போம். கழற்றச் சொல்வது அந்தத் தரைக்காகத்தான். கறுப்பாக, குனிந்தால் முகம் தெரிகிற மாதிரி மினுங்கும். சிரட்டைக் கரி, சுண்ணாம்பு, முட்டை வெள்ளைக்கரு எல்லாம் சேர்த்துப் போட்டது என்று சொல்வார்கள்.

லைன்மேன்: மஞ்சள்கரு?

கடைக்காரர்: என்ன மஞ்சள்கரு?

லைன்மேன்: அத்தனை முட்டையின் மஞ்சள்கருவை என்ன செய்தார்கள் என்று சம்பந்தியம்மா கட்டாயம் கேட்பார்கள். சிக்கனமான குடும்பம்.

கடைக்காரர்: ஊட்டுபுரையில் பரிமாறியிருக்க மாட்டார்கள், அது மட்டும் நிச்சயம். அந்த ஊட்டுபுரை இருக்கிறதே, ரெண்டு மாடி. மாடிக்கு ஆயிரம் பேர் வீதம் இரண்டாயிரம் பேர் ஒரே நேரத்தில் உட்கார்ந்து சாப்பிடலாம்.

லைன்மேன்: ஐயோ, அந்தப் பக்கமே போகக் கூடாது. கல்யாணத்தில் நானூறு பேருக்கே பாயசம் தீர்ந்துபோனதை சம்பந்தி இன்னும் சொல்லிக்காட்டிக்கொண்டிருக்கிறார்.

கடைக்காரர்: அப்படியானால் முன்வாசல் மண்டபமான பூமுகத்திலேயே நிறுத்தி வைத்துக் கூரையைக் காட்டும். மரத்தில் செதுக்கிய 90 பூ, ஒன்றைப் போல இன்னொன்று இருக்காது. அங்கேயே பித்தளையில் ஒரு குதிரை விளக்கு தொங்கும். எந்தப் பக்கம் திருப்பி விட்டாலும் ஆடாமல் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டு நிற்கும்.

லைன்மேன்: நம் மருமகன் மாதிரி. என் மகள் திருப்பின பக்கம்தான்.

கடைக்காரர்: இதை சம்பந்தியிடம் சொல்லிவிடாதேயும்.

லைன்மேன்: வீரமாக ஏதாவது இல்லையா?

கடைக்காரர்: இருக்கிறது. 38 கிலோவில் ஒரு உருண்டைக் கல். அதைத் தலைக்கு மேல் 101 தடவை தூக்கினால்தான் படையில் சேர்ப்பார்களாம்.

லைன்மேன்: எங்கள் தாத்தா தூக்கினார்.

கடைக்காரர்: ஓய், திருவிதாங்கூர் தலைநகரமே 1795-ல் இங்கிருந்து திருவனந்தபுரத்துக்குப் போய்விட்டது.

லைன்மேன்: சரி, தாத்தாவின் தாத்தா.

கடைக்காரர்: அறைக்கு அறை கைடு நிற்பார், அதை நினைத்துக்கொள்ளும். 1956-ல் நம் கல்குளம் தாலுகா தமிழ்நாட்டுப் பக்கம் வந்தபோதும் அரண்மனை கேரளத் தொல்லியல் துறையிடமே இருந்துவிட்டதல்லவா, டிக்கெட் கிழிப்பதும் கைடு போடுவதும் அவர்கள்தான். உம் தாத்தாவின் தாத்தாவைக் கூட்டத்துக்கு நடுவில் வைத்து ‘அப்படி யாரும் இல்லை’ என்று சொல்லிவிடுவார்.

லைன்மேன்: அவர் மலையாளத்தில்தானே சொல்வார்? கோயம்புத்தூர்க்காரருக்கு என்ன புரியப் போகிறது?

கடைக்காரர்: நம்மைவிட நல்ல தமிழில் சொல்வார். அதை விடும், நவராத்திரி ஊர்வலத்தைக் காட்டினால் கைடே தேவையில்லை. தேவாரக்கட்டு சரஸ்வதி, வேளிமலை குமாரசுவாமி, சுசீந்திரம் முன்னுதித்த நங்கை மூன்று பேரும் திருவனந்தபுரத்துக்குப் புறப்படுவார்கள். அரண்மனையில் வைத்து ராஜாவின் உடைவாளைக் கைமாற்றி ஊர்வலத்தோடு கொண்டுபோவார்கள். களியக்காவிளை எல்லையில் கேரளப் போலீஸ் மரியாதை கொடுத்து வரவேற்கும். பார்க்கக் கொள்ளாம்.

லைன்மேன்: நாளைக்கா?

கடைக்காரர்: இன்னும் பத்து நாள் இருக்கிறது.

லைன்மேன்: பத்து நாளா! அண்ணாச்சி, அப்படி ஒரு ஊர்வலம் இருக்கிற விஷயமே சம்பந்தியம்மா காதில் விழக் கூடாது. பார்த்துவிட்டுப் போகலாம் என்று பெட்டியைப் பிரித்து வைத்துவிடுவார்கள்.

(கடைக்காரர் சாயா ஆற்றுவதை நிறுத்திவிட்டு, சுவரில் தொங்கும் காலண்டரைப் பார்க்கிறார்.)

கடைக்காரர்: ஓய், நாளைக்குத் திங்கள்கிழமை.

லைன்மேன்: அதற்கென்ன?

கடைக்காரர்: திங்கள்கிழமை அரண்மனைக்கு லீவு.

(லைன்மேன் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் அவர் முகத்தில் ஒரு வெளிச்சம், கரண்ட் போய்த் திரும்பி வந்த வீடு தோற்றுப்போகும்.)

லைன்மேன்: இன்னொரு சாயா போடும், ஸ்ட்ராங்காக. பூட்டின வாசலில் நிறுத்தி வைத்துச் சொன்னால் எந்தக் கைடு வந்து இல்லை என்பான்? கல் ஐம்பது கிலோ. 200 தடவை தூக்கினார். ஒற்றைக் கையால்.

கடைக்காரர்: செவ்வாய்க்கிழமை காலை 9 மணிக்குத் திறந்துவிடுவார்கள்.

லைன்மேன்: செவ்வாய்க்கிழமை 8 மணிக்குக் கோயம்புத்தூர் பஸ் ஏதாவது இருக்கிறதா? நாலு டிக்கெட். காசு நான் கொடுத்துவிடுகிறேன்.