பேனாக் கிறுக்கலுக்கு 20 ரூபாய் தள்ளுபடி

பெங்களூர் சர்ச் ஸ்ட்ரீட் பழைய புத்தகக் கடைகளின் மாடிப்படிகளில் ஏறி இறங்கியே என் முழங்கால் தேய்ந்துவிட்டது என்று வீட்டில் சொல்வார்கள். போன மாதம் அங்கே ஒரு கடையின் அடித்தட்டில், சமையல் குறிப்புக்கும் ஜோதிடத்துக்கும் நடுவில், எண்பதுகளில் வந்த தமிழ் நாவல் ஒன்று கிடைத்தது. முதல் பதிப்பு. உள்ளே, நீலப் பால்பாயிண்ட் பேனாவில், தேதியோடு ஆசிரியரின் கையெழுத்து. கடைப்பையனுக்குக் கோலார் தங்கவயல் பக்கம். தமிழ் நன்றாகப் பேசுவான், படிக்கத் தெரியாது. பக்கத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "யாரோ பேனாவால் கிறுக்கியிருக்கிறார்கள் சார், 20 ரூபாய் குறைத்துக் கொடுங்கள்" என்றான். நான் வாயைத் திறக்கவில்லை. 60 ரூபாயைக் கொடுத்துவிட்டு இறங்கிவந்துவிட்டேன். பாவம்தான், ஒத்துக்கொள்கிறேன்.

அதே வாரம் அலுவலக நண்பர் ஒருவர், லண்டனிலிருந்து வரவழைத்த ஆங்கில நாவலைக் காட்டினார். அட்டைப்பெட்டி உறை, முதுகில் தோல், கடைசித் தாளில் 250 பிரதிகளில் 113ஆவது என்று கையால் எழுதிய எண், அதன் கீழே நாவலாசிரியரின் கையெழுத்து. விலை என் வீட்டு வாடகையில் பாதி. படிப்பதற்கென்று அதே நாவலின் சாதாரணப் பிரதி ஒன்றைத் தனியாக வாங்கியிருக்கிறாராம்! ஈரம் உறிஞ்சும் பொட்டலங்களுக்கு நடுவே அந்த 113 கொலுவிருக்கிறது. என் அலமாரியில் ராமபாணப் பூச்சிக்கு வசம்புதான்.

இந்த எண் போட்ட பதிப்புகளின் மீது எனக்கும் ஆசை உண்டு. பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அந்த 'வெறும் 250' என்ற வார்த்தையைக் கேட்டால் சிரிப்பு வருகிறது. பல நேரங்களில் ஆசிரியர் அந்தப் புத்தகத்தைத் தொட்டிருக்கவே மாட்டார். வெற்றுத் தாள்கள் கட்டுக்கட்டாக அவர் வீட்டுக்குப் போகும், கையெழுத்தோடு திரும்பும், பைண்டிங்கில் உள்ளே சேர்த்துவிடுவார்கள். எத்தனை பிரதிகளை வேண்டுமானாலும் அச்சடிக்கக்கூடியவர்கள், வேண்டுமென்றே குறைத்து அடித்து அருமையை உண்டாக்குகிறார்கள்.

1922இல் 'யுலிஸிஸ்' பாரிஸில் வெளிவந்தபோதும் எண் போட்டார்கள். 1000 பிரதிகள், அதில் 100 மட்டும் கையால் செய்த தாளில், ஜேம்ஸ் ஜாய்ஸின் கையெழுத்தோடு, 350 பிராங்க். சாதாரணத் தாளில் 150 பிராங்க். ஆபாசம் என்று வழக்கு வரும் எனப் பெரிய பதிப்பாளர்கள் ஒதுங்கிய நாவலை, சிறிய புத்தகக் கடை நடத்திய சில்வியா பீச் முன்பதிவுப் பணத்தை நம்பி அச்சில் ஏற்றினார். அந்த எண்ணுக்குப் பின்னால் ஒரு நெருக்கடி இருந்தது. சரியாக நூறு வருடம் கழித்து, 2022இல், அமெரிக்கப் பாடகர் பாப் டிலனின் புத்தகம் 'கையால் கையெழுத்திட்டது' என்ற உறுதியோடு 599 டாலருக்கு 900 பிரதிகள் விற்றது. வாங்கியவர்கள் படம் எடுத்து ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பார்த்தால், பல பிரதிகளில் கையெழுத்து அச்சில் வார்த்ததுபோல ஒன்றாக இருக்கிறது. போட்டது இயந்திரப் பேனா. பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள், அவரும் மன்னிப்புக் கேட்டார்.

நம் பக்கம் வாருங்கள். ஜெயமோகனின் 'வெண்முரசு' வரிசையின் தொடக்க நாவல்கள் வண்ணப் படங்களோடு செம்பதிப்பாக முன்பதிவில் வந்ததுபோல ஒன்றிரண்டு முயற்சிகள் தமிழிலும் உண்டு. ஆனால் யோசித்துப் பார்த்தால், தமிழில் வருகிற இலக்கிய நாவல் ஒவ்வொன்றுமே லிமிடெட் எடிஷன்தான். ஒரு காலத்தில் ஆயிரம், ஆயிரத்து இருநூறு. இப்போது தேவைக்கேற்ப அச்சிடும் வசதி வந்தபிறகு சில நூறு, சில சமயம் அதற்கும் கீழே. லண்டன்காரர் பெருமையாகப் போட்டுக்கொள்ளும் எண்ணிக்கையை நாம் வெட்கப்பட்டு மறைக்கிறோம்.

மறைக்கிறோம் என்று தெரிந்தேதான் சொல்கிறேன். பழைய நூல்களில் விவரப் பக்கத்தைத் திறந்தால் 'படிகள்: 1000' என்று இருக்கும். இன்று பல நூல்களில் அந்த வரியே இல்லை. 'முதல் பதிப்பு' என்று 2019ஐக் காட்டும் பிரதி போன வாரம் அச்சானதாக இருக்கலாம், கண்டுபிடிக்க வழியில்லை. தோலும் வேண்டாம், பெட்டியும் வேண்டாம். எந்த மாதம், எத்தனையாவது அச்சு, எத்தனை படிகள் என்று ஒரு வரி போடுவதில் பதிப்பாளர்களுக்கு என்ன கஷ்டம்?

கையெழுத்து விஷயத்தில் நண்பருக்கும் எனக்கும் ஒத்தே போகாது. வெறும் கையெழுத்துக்குத்தான் சந்தையில் மதிப்பு, மேலே யாரோ ஒருவரின் பெயர் இருந்தால் விலை விழுந்துவிடும் என்கிறார் அவர். பெயருக்கு உரியவர் பிரபலம் என்றால் மட்டும் விலை ஏறுமாம். எனக்கு நேர்மாறு. அல்சூர் தமிழ்ச் சங்கத்தில் ஒரு கூட்டம் முடிந்து வரிசையில் நின்றபோது, அந்த எழுத்தாளர் தலை நிமிர்ந்து "பெயர்?" என்று கேட்டார். சத்தத்தில் சரியாகக் காதில் விழாமல், என் பெயரில் இல்லாத ஒரு 'க்'கைச் சேர்த்து எழுதி, 'அன்புடன்' போட்டுக் கொடுத்தார். நண்பர் கணக்கில் அது ஒன்றுக்கும் உதவாத பிரதி. என் அலமாரியில் முதல் தட்டு அதற்குத்தான்.

அந்த 60 ரூபாய் நாவலைப் பற்றி ஒன்றைச் சொல்லவில்லை. 'அன்பு நண்பர்' என்று தொடங்கும் வரியில், அடுத்து வரவேண்டிய பெயரை யாரோ பிளேடால் சுரண்டியிருக்கிறார்கள். டியூப் லைட்டுக்கு எதிரே பிடித்தால் அந்த இடத்தில் மட்டும் தாள் வெங்காயத் தோல்போல வெளிச்சம் விடுகிறது. புத்தகத்தைப் பெற்றவர்தான், ஆசிரியரின் பெயரை அப்படியே விட்டுவிட்டுத் தன் பெயரை மட்டும் அழித்துவிட்டுக் கடையில் போட்டிருக்கிறார். ஆனால் அவர் ஒன்றை மறந்துவிட்டார்: எழுதியவர் அழுத்தி எழுதுகிறவர். அடுத்த தாளில் தடம் விழுந்திருக்கிறது. டார்ச்சைச் சாய்த்துப் பிடித்ததில் ஒரு கொம்பும், பக்கத்தில் ஒரு துணைக்காலும் தெரிந்தன. பென்சிலைப் படுக்கவைத்து லேசாகத் தேய்த்தால் முழுப்பெயரும் வந்துவிடும். முதல் பதிப்பு பாழாகும். பென்சிலைச் சீவி மேஜைமேல் வைத்து நான்கு நாளாகிறது.