பிஎம்பிஓ வாட் பற்றி ஒரு திருத்தம்

ஏற்காட்டில் திறந்தவெளி யோகா வகுப்புக்கு ஸ்பீக்கர் கேட்டவருக்கு, 5000 வாட் பிஎம்பிஓ (PMPO, நொடிப்பொழுது உச்சத் திறன் என்று விளம்பரத்தில் போடும் எண்) பெட்டி 60 வாட் ஆர்எம்எஸ் (RMS) பெட்டியைவிடப் பல மடங்கு சத்தம் தரும் என்று மேலே ஒருவர் சொல்லியிருக்கிறார். நண்பரே, அது சரியல்ல. பிஎம்பிஓவை அளக்கப் பொதுவான விதிமுறை எதுவும் கிடையாது. தயாரிப்பவர் விரும்பிய எண்ணைப் போட்டுக்கொள்ளலாம். தொடர்ந்து தரக்கூடிய திறனைக் காட்டுவது ஆர்எம்எஸ்தான்.

நீங்களே சரிபார்க்கலாம். சேலத்தில் எந்தக் கடைக்குப் போனாலும், அடாப்டரில் ஓடும் பெட்டியாக இருந்தால் (பேட்டரி வைத்தது வேண்டாம், அதன் கணக்கு வேறு) அடாப்டரில் அச்சிட்டிருக்கும் அவுட்புட் வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கிப் பாருங்கள். 12 வோல்ட், 3 ஆம்பியர் என்றால் 36 வாட். உள்ளே 36 போனால், வெளியே தொடர்ந்து 5000 எப்படி வரும்? வாங்கும் முன் ஆர்எம்எஸ் எவ்வளவு என்று கேட்டு, பில்லில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.