பாடப்புத்தகத்தில் வரும் அந்த ‘மனிதன்’ யார்?

காலாண்டுத் தேர்வு விடைத்தாள்களை நேற்றிரவுதான் திருத்தி முடித்தேன். “மனிதச் செயல்பாடுகளால் இயற்கைக்கு ஏற்படும் பாதிப்புகளை விவரி” என்று ஒரு ஐந்து மதிப்பெண் வினா. ஏறக்குறைய எல்லாத் தாள்களிலும் முதல் வரி ஒன்றே: “மனிதன் தன் சுயநலத்திற்காக இயற்கையை அழிக்கிறான்.” கடைசி வரியும் ஒன்றே: “மரம் வளர்ப்போம், மழை பெறுவோம்.” நடுவில் காடழிப்பு, நெகிழி, ஓசோன், புவி வெப்பமயமாதல். விடைக்குறிப்பின்படி முழு மதிப்பெண் தர வேண்டும். தந்துவிட்டேன். தந்துவிட்டு வெகுநேரம் தூக்கம் வரவில்லை.

எங்கள் பள்ளி தென்சென்னையில் இருக்கிறது. வாசலில் இருந்து நடந்தால் இருபது நிமிடத்தில் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம். ஒரு தாளில்கூட அதன் பெயர் இல்லை. இத்தனைக்கும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையின்போது தரைத்தளம் முழுதும் மூழ்கி, மொட்டை மாடியில் குடத்தை வைத்து மழைநீர் பிடித்துக் குடித்த பிள்ளைகள் இந்த வகுப்பில் இருக்கிறார்கள். வீட்டுக்குள் வந்த அந்தத் தண்ணீருக்கும் தேர்வில் தாங்கள் எழுதும் விடைக்கும் தொடர்பு உண்டு என்று அவர்களுக்குத் தோன்றவே இல்லை. அது பிள்ளைகளின் குற்றமல்ல. பல ஆண்டுகளாக நாங்கள் அப்படித்தான் கற்பித்து வருகிறோம்.

‘மனிதன் அழிக்கிறான்’ என்ற அந்த வாக்கியத்தைக் கொஞ்சம் நின்று பாருங்கள். எந்த மனிதன்? எந்த ஊரில்? எந்த ஆண்டில்? யார் கையெழுத்துப் போட்டு? ஒன்றும் கிடையாது. எல்லோரையும் குற்றவாளி ஆக்குவதுபோல் இருக்கும், ஆனால் ஒருவரையும் கேள்வி கேட்காது. பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். இங்கே பழி பொதுவாகப் போய்விடுகிறது, பாவம் மட்டும் எப்போதும் தாழ்வான தெருவில் குடியிருப்பவர் வீட்டுக்குள் முழங்கால் அளவுக்கு வந்து நிற்கிறது.

சுற்றுச்சூழல் கல்வி நம் பாடத்திட்டத்துக்குள் தானாக வந்துவிடவில்லை. சுற்றுச்சூழல் வழக்கறிஞர் எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் 1991 நவம்பரில் உச்ச நீதிமன்றம் பிறப்பித்த உத்தரவு அதற்கு ஒரு பெரிய காரணம். திரையரங்குகளில் சுற்றுச்சூழல் பற்றிய ஸ்லைடு காட்ட வேண்டும், வானொலியிலும் தொலைக்காட்சியிலும் நிகழ்ச்சிகள் வர வேண்டும், கல்வியில் இது கட்டாயப் பாடமாக வேண்டும் என்றது அந்த உத்தரவு. அது சரிவர நிறைவேறவில்லை என்று 2003இல் அதே நீதிமன்றம் மீண்டும் தலையிட வேண்டியிருந்தது. அவ்வளவு போராடி உள்ளே கொண்டுவந்த பாடம் இன்று என்னவாக இருக்கிறது? ஒரு அத்தியாயம், ஒரு ஐந்து மதிப்பெண் வினா, சுவரில் ஒரு வாசகம், ஜூன் 5 அன்று ஒரு மரக்கன்று.

அந்த மரக்கன்றைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். ஜூன் 5 உலகச் சுற்றுச்சூழல் நாள். சென்னையில் அப்போதுதான் அக்கினி நட்சத்திரம் முடிந்திருக்கும், தரை அனலாய்க் கொதிக்கும். நமக்குப் பெரிய மழை வடகிழக்குப் பருவமழைதான், அது வர அக்டோபர் ஆக வேண்டும். ஜூனில் நட்டு, படம் எடுத்து, கைதட்டிவிட்டுப் போன கன்று ஜூலைக்குள் குச்சியாகிவிடும். அடுத்த ஆண்டு அதே குழி, வேறு கன்று. நான் முன்பு வேலை பார்த்த ஒரு பள்ளியில் ஐந்து ஆண்டுகள் ஒரே குழியில் நட்டோம். எந்த மாதத்தில் நட்டால் கன்று பிழைக்கும் என்று பிள்ளைகளைக் கேட்டிருந்தால் பருவமழை, மண்ணின் ஈரம், வேர் பிடிக்க ஆகும் காலம் என ஒரு மாதத்துக்கான பாடம் அதிலேயே கிடைத்திருக்கும். ஒருவரும் கேட்கவில்லை.

கடந்த இரண்டு ஆண்டுகளாக நான் வேறு மாதிரி கற்பித்துப் பார்க்கிறேன். அத்தியாயத்தைத் திறப்பதற்கு முன் பள்ளிக்கரணையில் தொடங்குகிறேன்.

முதல் நாள் கரும்பலகையில் ஒரே ஒரு சொல் எழுதினேன்: கழுவெளி. ஒருவருக்கும் பொருள் தெரியவில்லை. மழைக்காலத்தில் நீர் வந்து பரவி நிற்கவும், பிறகு மெல்லக் கடலை நோக்கி வடியவும் இடம் விட்டிருந்த தாழ்நிலத்துக்கு நம் முன்னோர் வைத்த பெயர் அது. பள்ளிக்கரணையும் ஒரு கழுவெளிதான். ஏறத்தாழ 250 சதுர கிலோமீட்டர் பரப்பில் பெய்யும் மழை, முப்பதுக்கும் மேற்பட்ட ஏரிகளின் உபரிநீர், எல்லாம் இங்கே வந்து சேரும். கீழ்க்கட்டளை ஏரி நிரம்பினால் கலங்கல் வழியே நாராயணபுரம் ஏரிக்கு, அது நிரம்பினால் பள்ளிக்கரணைக்கு. அங்கே தேங்கி, ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாயில் இறங்கி, கோவளம் முகத்துவாரத்தில் கடலில் கலக்கும். போகும் வழி குறுகலானது. அதனால்தான் தேங்க இவ்வளவு பெரிய இடம் தேவைப்பட்டது. இதைச் சொல்லிவிட்டு, “வழியையும் குறுக்கி, தேங்கும் இடத்தையும் நிரப்பிவிட்டால் தண்ணீர் எங்கே போகும்?” என்று கேட்டேன். கடைசி பெஞ்சில் இருந்த பையன், “எங்கள் வீட்டுக்கு, மிஸ்” என்றான். யாரும் சிரிக்கவில்லை.

பிறகு நிரப்பிய கதை. 1960களில் 5,000 ஹெக்டேருக்கு மேல் பரந்திருந்த இடம் இது. அரசின் பார்வையில் அது பயனற்ற வெற்று நிலமாக இருந்ததால், எது வேண்டுமானாலும் அங்கே வந்து விழுந்தது. 1980களில் இருந்து மாநகரின் குப்பை பெருங்குடியில் கொட்டப்பட்டது. சாலைகள் குறுக்கே போயின. பல்லாவரத்தையும் துரைப்பாக்கத்தையும் இணைக்கும் 200 அடிச் சாலை சதுப்பைப் பிளந்துகொண்டுதான் போகிறது. பறக்கும் ரயில் வந்தது, அரசின் ஆராய்ச்சி நிறுவனங்கள் வந்தன, பழைய மகாபலிபுரம் சாலை ஓரமாகக் கண்ணாடிக் கட்டடங்கள் எழுந்தன, அடுக்குமாடிக் குடியிருப்புகள் வந்தன. 2007இல் ஒரு பகுதி, 317 ஹெக்டேர், காப்புக்காடாக அறிவிக்கப்பட்டது. 2022இல், உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களைக் கொண்ட ராம்சர் பட்டியலில் இடம் கிடைத்தது. இவை தாமாக வந்துவிடவில்லை. உள்ளூர்க்காரர்களும் ஆர்வலர்களும் பல ஆண்டுகள் மனு எழுதி, வழக்காடி வாங்கியவை. அதையும் பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். அழித்தவனும் மனிதன் என்றால் மனு எழுதியவனும் மனிதன்தானே.

இப்படி ஆண்டு வரிசையில் சொல்லும்போது ‘மனிதன்’ என்ற சொல் தானாக உதிர்ந்துவிடுகிறது. அந்த இடத்தில் நகரத் திட்டம், ஒப்பந்தம், பட்டா, அனுமதி என்று ஒவ்வொன்றாகத் தெரியத் தொடங்குகிறது. பதினைந்து வயதுப் பிள்ளைகளுக்கு இது புரியாது என்பவர்கள், நிலப் பத்திரத்தை வைத்துக்கொண்டு வீட்டில் பெரியவர்கள் பேசுவதை இந்தப் பிள்ளைகள் எவ்வளவு கூர்ந்து கேட்கிறார்கள் என்று அறியாதவர்கள்.

ஜனவரியில் ஒரு காலை, ஆறரை மணிக்கு, பெற்றோரின் ஒப்புதலோடு 31 பேரை 200 அடிச் சாலையின் நடைபாதைக்கு அழைத்துப் போனேன். ஒரே ஒரு தொலைநோக்கி, அதுவும் இரவல். குப்பைமேட்டின் புளித்த நாற்றம் காற்றோடு வந்து போனது. பிள்ளைகள் முதலில் மூக்கைத்தான் பிடித்தார்கள். அப்போது சம்பங்கோரைக்குள் இருந்து ஒரு நீலத் தாழைக்கோழி வெளியே வந்தது. ஊதாவும் நீலமும் கலந்த உடம்பு, சிவந்த நெற்றி, நீண்ட சிவந்த விரல்கள். ஒரு கோரைத் தண்டை வேரோடு இழுத்து, ஒரு காலால் கையில் பிடிப்பதுபோலப் பிடித்துக்கொண்டு, அதன் வெள்ளைக் குருத்தை மட்டும் உரித்து உரித்துத் தின்றது. நம் பாட்டிமார்கள் வாழைத்தண்டு நறுக்கும்போது மேல்பட்டையை உரித்து எறிவார்களே, அதே பொறுமை. மூக்கைப் பிடித்திருந்த கைகள் எப்போது இறங்கின என்று எனக்குத் தெரியாது. தினமும் அதே சாலையில் பஸ்ஸில் போகும் ஒரு பையன், “இது எப்போதும் இங்கேயேவா இருக்கிறது?” என்று இரண்டு முறை கேட்டான்.

இவ்வளவும் நன்றாகவே போயிற்று. அடுத்த வாரம் வகுப்பில் நடந்ததுதான் என் நெஞ்சில் தைத்துவிட்டது.

பெரும்பாக்கம் குடியிருப்பில் இருந்து வரும் ஒரு மாணவி. படிப்பில் கெட்டி, அதிகம் பேசமாட்டாள். வரைபடத்தில் சதுப்பு நிலத்தின் பழைய எல்லையை வரைந்துகொண்டிருந்தவள் எழுந்து நின்று கேட்டாள்: “மிஸ், அப்படியென்றால் நாங்களும் ஆக்கிரமிப்பாளர்களா? எங்கள் வீட்டையும் இடித்துவிட வேண்டுமா?”

அவள் குடும்பம் அடையாற்றின் கரையில் இருந்தது. 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு, ஆற்றோரம் இருப்பது ஆபத்து என்று சொல்லி அவர்களை இங்கே கொண்டுவந்து விட்டார்கள். அந்த வெள்ளத்தின்போது தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் மழை. ஆற்றின் ஓரத்தில் இருந்து எடுத்து, மழைநீர் வந்து தேங்கும் தாழ்வான பகுதியில் குடிவைத்தார்கள். 2023இல் இங்கேயும் தண்ணீர் சூழ்ந்தது. அவள் தாத்தாவும் பாட்டியும் எந்த அனுமதியிலும் கையெழுத்துப் போட்டதில்லை. ஆனால் ‘மனிதன் தன் சுயநலத்திற்காக’ என்று அவளும் தேர்வில் எழுதுகிறாள், நான் அதற்கு மதிப்பெண் போடுகிறேன்.

அன்று அவளுக்கு என்னால் முழுமையான பதில் சொல்ல முடியவில்லை. நீ ஆக்கிரமிப்பாளர் இல்லை என்று சொன்னேன். வீடு கொடுத்தவர்கள் தண்ணீரின் வழியைப் பார்த்திருக்க வேண்டும், அது உன் தவறில்லை என்று சொன்னேன். மறுநாள் வகுப்பிலேயே ஒரு வேலை கொடுத்தேன். ஒவ்வொருவரும் தங்கள் குடும்பம் இந்தப் பகுதிக்கு எப்போது, எங்கிருந்து, ஏன் வந்தது என்று வீட்டில் கேட்டு எழுதி வர வேண்டும். அது நான் இதுவரை வாசித்ததிலேயே சிறந்த சுற்றுச்சூழல் பாடம். வேலை தேடி விழுப்புரத்தில் இருந்து வந்தவர்கள், கடன் வாங்கி மனை வாங்கியபின்தான் அது ஏரிப்பகுதி என்று தெரிந்துகொண்டவர்கள், இங்கேயே பிறந்து சதுப்பில் கோரை அறுத்தும் மீன் பிடித்தும் வாழ்ந்தவர்கள். வறுமையும் விளம்பரமும் சட்டமும் மழையும் ஒரே தாளில் இருந்தன.

இதைக் கண்காட்சியில் வைக்க ஆசைப்பட்டோம். பழைய எல்லையையும் இன்றைய கட்டடங்களையும் ஒன்றன்மேல் ஒன்றாகக் காட்டும் மாதிரியைப் பிள்ளைகள் மூன்று வாரம் உழைத்துச் செய்தார்கள். நடத்தியவர்களில் ஒருவர் பார்த்துவிட்டு, கட்டடங்களின் பெயர்ச்சீட்டுகளை எடுத்துவிடச் சொன்னார். “எதற்கு வம்பு? பிளாஸ்டிக் ஒழிப்பு என்று பொதுவாக வையுங்கள்.” எடுத்துவிட்டோம். பெயர்ச்சீட்டு எடுத்த இடங்களில் பசை காய்ந்து வெள்ளையாய்த் தெரிந்தது. பிள்ளைகள் அதைத் தடவிப் பார்த்துக்கொண்டே நின்றார்கள். அன்று நான் மறுத்திருக்க வேண்டும். இனி மறுப்பேன்.

பிளாஸ்டிக் பையைத் தவிர்ப்பது நல்லதுதான், நானும் துணிப்பைதான் கொண்டு போகிறேன். ஆனால் பிள்ளையின் கையில் இருக்கும் பையை மட்டும் காட்டிவிட்டு, ஒரு ஊரின் நீர்வழியை அடைத்த முடிவுகளை மறைப்பது கற்பித்தல் ஆகாது. உலகம் அழியப்போகிறது என்று பிள்ளைகளைப் பயமுறுத்துவதும் எனக்கு உடன்பாடில்லை. பயந்த பிள்ளை கேள்வி கேட்காது, வாசகத்தை மனப்பாடம் செய்து ஒப்பித்துவிட்டுப் போய்விடும்.

மற்ற ஊர்களில் இருக்கும் ஆசிரிய நண்பர்களே, உங்களுக்கும் பாடம் வீட்டு வாசலிலேயே இருக்கிறது. திருப்பூரில் இருப்பவர்களுக்கு நொய்யலும் ஒரத்துப்பாளையம் அணையும் போதும். பாசனத்துக்குக் கட்டிய அணையில் சாயக்கழிவு வந்து தேங்கி, தண்ணீரைத் திறந்துவிடாதீர்கள் என்று விவசாயிகளே சொன்ன கதை உலகில் வேறெங்கு கிடைக்கும்? வாணியம்பாடி, ஆம்பூர் பிள்ளைகளிடம் பாலாற்றைப் பற்றிப் பேசுங்கள். தோல் பதனிடும் தொழிற்சாலைகளின் கழிவை எதிர்த்து வேலூர் மக்கள் நடத்திய வழக்கில்தான், மாசுபடுத்தியவரே இழப்பீடு தர வேண்டும் என்பதை நம் நாட்டுச் சட்டத்தின் பகுதியாக 1996இல் உச்ச நீதிமன்றம் ஏற்றது. அந்தத் தொழிற்சாலைகளில் வேலை பார்க்கும் அப்பாக்களின் பிள்ளைகளும் உங்கள் வகுப்பில் இருப்பார்கள். அவர்களை வைத்துக்கொண்டு கவனமாகப் பேச வேண்டும், ஆனால் பேசாமல் விடக்கூடாது.

இந்த ஆண்டு மழை தொடங்குவதற்கு முன், கீழ்க்கட்டளை ஏரியில் தொடங்கி நாராயணபுரம் வழியாகச் சதுப்பு வரை தண்ணீர் போகும் தடத்திலேயே பிள்ளைகளோடு நடக்கப்போகிறேன். அந்த மாணவியின் பாட்டியும் கூட வருவதாகச் சொல்லியிருக்கிறார். அடையாற்றங்கரையில் வெள்ளம் வரும் அறிகுறிகளை அவர்கள் எப்படிக் கண்டுகொண்டார்கள் என்று பிள்ளைகளுக்குச் சொல்லச் சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். 1990க்கு முன் வேளச்சேரி, பள்ளிக்கரணை, பெரும்பாக்கம், துரைப்பாக்கம் பகுதிகளில் எடுத்த புகைப்படம் எதுவும் உங்கள் வீட்டு ஆல்பத்தில் இருந்தால் எனக்கு அனுப்புங்கள். திருமணப் படமாக இருந்தாலும் சரி, பின்னால் கொஞ்சம் தண்ணீரோ கோரையோ தெரிந்தால் போதும். எந்த இடம், எந்த ஆண்டு என்று இரண்டு வரி எழுதினால் பிள்ளைகள் அதை வரைபடத்தில் ஒட்டிக்கொள்வார்கள்.