12345678987654321 முதன்மை எண் இல்லை

தம்பி, உங்கள் பதிவில் 12345678987654321 மாலைமாற்று எண் என்றது சரி. எந்தப் பக்கமிருந்து வாசித்தாலும் ஒன்றுதான். ஆனால் "இது முதன்மை எண்" என்று எழுதியது பிழை. சாதாரண தரப் பிள்ளைகளும் வாசிக்கிற இடம், தயவுசெய்து திருத்திவிடுங்கோ.

இலக்கங்களைக் கூட்டினால் 81. அந்த 8ஐயும் 1ஐயும் திரும்பக் கூட்டினால் வரும் இலக்கச் சுட்டி 9, அப்ப 9 ஆல் வகுபடும். 1 ஆலும் தன்னாலும் மட்டும் வகுபடுவதுதான் முதன்மை எண், அதனால் இது முதன்மை எண் இல்லை. உண்மையில் இது 111111111 இன் வர்க்கம். கிளிநொச்சியில் என்னிடம் படிக்கும் பிள்ளை ஒருத்தி 11×11=121, 111×111=12321 என்று கொப்பியில் ஒவ்வொரு வரியாக எழுதி, ஒன்பது ஒன்றுகள் வரை தானாகவே போய்விட்டாள். பார்க்க எவ்வளவு சந்தோசம்! பத்து ஒன்றுகள் வைத்தால் 1234567900987654321 வரும். அந்த அழகு அங்கே குலைகிறது.

அப்புறம், மாலைமாற்று எண்கள் எல்லாம் 11 ஆல் வகுபடும் என்று நீங்கள் எழுதியதும் சரியில்லை. இலக்கங்களின் எண்ணிக்கை இரட்டையாக இருந்தால்தான் அது உறுதி. இதில் 17 இலக்கங்கள். 11 ஆல் வகுத்தால் மீதி 1.