புரண்டது ஏஸா இரண்டா என்று பார்த்தா விதியைத் தீர்மானிப்பீர்கள்?

சீட்டுப் போடும்போது ஒரு சீட்டு போடுகிறவர் கைதவறிப் புரண்டு, முகம் தெரிந்துவிட்டது. அவ்வளவுதான் நடந்தது. அதற்குப் போய் ஆளுக்கொரு நியாயம் பேசி ஆட்டத்தையே கெடுக்கிறவர்களோடு, ஆளுக்கு இரண்டு சீட்டு மூடிப் போட்டு ஆடும் போக்கரான டெக்ஸஸ் ஹோல்டெம் ஆடி ஆடி எனக்கு வெறுத்துப்போய்விட்டது.

புரண்டதில் எனக்குக் கோபமே இல்லை. யார் போட்டாலும் எப்போதாவது புரளத்தான் செய்யும். என் ஆத்திரமெல்லாம் அதற்கப்புறம் நடக்கிற பேரத்தின் மேல்தான். புரண்டது இஸ்பேட் ஏஸ் என்றால், அந்தச் சீட்டு யாருக்கு வந்ததோ அவர் "பரவாயில்லை, நானே வச்சுக்கிறேன்" என்பார். அதுவே கிளாவர் இரண்டு என்றால் "மாத்திக் கொடு" என்பார். அதற்குள் தன் சீட்டை எட்டிப் பார்த்துவிட்ட இன்னொருவர், தேறாது என்று தெரிந்ததும் "மிஸ்டீல் (போட்டது செல்லாது), மிஸ்டீல், கலைச்சுப் போடு" என்று கத்துவார். கையில் ஜோடி ராஜா வந்திருந்தால் வாயைத் திறந்திருப்பாரா? நடுவில் கிடப்பது எல்லோருடைய காசும்தானே!

இதற்கெல்லாம் விதி எப்போதோ எழுதியாகிவிட்டது. கட்டிலிருந்து முதன்முதலில் விழும் இரண்டு சீட்டுகளில் ஒன்று புரண்டால் மிஸ்டீல். கலைத்து, வெட்டி, மறுபடி போட வேண்டும். அதற்குப் பிறகு ஒரே ஒரு சீட்டு புரண்டால் நிறுத்தவே கூடாது. எல்லோருக்கும் போட்டு முடித்துவிட்டு, கட்டின் மேல்சீட்டைப் புரண்ட சீட்டுக்காரருக்கு மாற்றாகக் கொடுத்து, புரண்டதை ஃப்ளாப்புக்கு (நடுவில் எல்லோருக்கும் பொதுவாகத் திறந்து வைக்கும் முதல் மூன்று சீட்டு) முன் யாருக்கும் போகாமல் ஒதுக்கும் பர்ன் கார்டாக வைக்க வேண்டும். ஏஸோ இரண்டோ, அவர் அதை வைத்துக்கொள்ள முடியாது. இரண்டு சீட்டு புரண்டால் மறுபடியும் மிஸ்டீல்தான்.

எவ்வளவு யோசித்து வைத்திருக்கிறார்கள் பாருங்கள். மாற்றாகப் போவது, வழக்கமாக பர்ன் ஆகியிருக்க வேண்டிய சீட்டு. அந்த இடத்துக்குப் புரண்ட சீட்டு வந்துவிடுகிறது. ஆக, மற்றவர்கள் கையும் மாறாது, ஃப்ளாப்பில் விழ வேண்டிய மூன்று சீட்டும் மாறாது. ஒருத்தருக்கு மட்டும் ஒரு சீட்டு மாறும், முடிந்தது கதை. நம் ஆட்களோ பாதியிலேயே அடுத்த சீட்டை உருவி அவரிடம் நீட்டிவிட்டு மேலே போட ஆரம்பிக்கிறார்கள். அதோடு மிச்சமுள்ள அத்தனை பேர் சீட்டும் ஒவ்வொன்று தள்ளிப் போய்விடும். அப்புறம் "எனக்கு வர வேண்டியது அவனுக்குப் போச்சு" என்று அடுத்த சண்டை.

இன்னொரு கூத்து, தன் சீட்டைத் தானே அலட்சியமாகத் தூக்கிக் காட்டிவிட்டு, சீட்டுப் போடும் டீலர் மேல் பழி போடுவது. நீங்கள் காட்டினால் அது உங்கள் பாடு. அந்தச் சீட்டை வைத்துக்கொண்டுதான் ஆட வேண்டும்.

இதையெல்லாம்விட மோசம், புரண்டதைப் பக்கத்தில் இருக்கும் இருவர் மட்டும் பார்த்துவிட்டுக் கமுக்கமாக இருப்பது. இருவருக்குத் தெரிந்தால் மேசைக்கே தெரிய வேண்டும். எல்லோரும் பார்க்கும்படி திருப்பி வையுங்கள்.

இனி சிப்ஸைப் பிரிப்பதற்கு முன்னாலேயே இதைச் சொல்லி, அத்தனை பேரும் சரி என்ற பிறகுதான் நான் சீட்டைக் கலைப்பேன். சரி சொல்லாதவர் இருந்தால் அந்த ஆட்டத்தில் நான் உட்காரப் போவதில்லை.