கை மாறிப் போச்சு

ஸ்கூல் விழாவுல சிறப்பு விருந்தினர்கிட்ட கேள்வி கேட்டான்னு எல்லாரும் திட்டி எழுதறீங்களே, அந்த எட்டாம் வகுப்புப் பையன் விஷயத்துல வாயைத் திறக்கக் கூடாதுன்னுதான் இருந்தேன். நேத்து ராத்திரி நம்ம நண்பர் ஒருத்தரே "இதுக்குத்தான் நீதிபோதனை பீரியட் திரும்ப வரணும்"னு எழுதியிருந்தார். அதைப் படிச்சப்புறம் தூக்கம் போச்சு.

அவன் பண்ணின குற்றம்தான் என்ன? ஒன்பது மணிக்கு வர வேண்டிய சிறப்பு விருந்தினர் பதினொன்றே முக்காலுக்கு வந்தார். பிள்ளைங்க அதுவரைக்கும் வெயில்ல. வந்தவர் 'காலம் தவறாமை' பத்தி முக்கால் மணி நேரம் பேசிட்டு, "தைரியமா கேள்வி கேளுங்க"ன்னார். பையன் எழுந்து "ஐயா, நீங்க ஏன் லேட்டு?"ன்னான். கேக்கச் சொன்னாங்க, கேட்டான். அவ்வளவுதான்.

ஒழுக்கம் காது வழியா ஏறாதுங்க. பழகப் பழகத்தான் வரும். அன்னிக்கு அந்த மைதானத்துல பிள்ளைங்க பழகினது நேரம் தவறாமையை இல்ல. பெரிய மனுஷன் எப்ப வேணா வரலாம், சின்னவன் அதைக் கேக்கக் கூடாதுங்கறதைத்தான்.

1986, நான் அஞ்சாம் வகுப்பு. ஏ.இ.ஓ., அதாவது கல்வி அதிகாரி, இன்ஸ்பெக்‌ஷன் வர்றார். முதல் நாளே எங்களுக்கு ஒத்திகை: கேள்வி கேட்டா எல்லாரும் கை தூக்கணும், தெரிஞ்சவன் வலது கை, தெரியாதவன் இடது கை. உங்கள்ல பாதிப் பேருக்கு இது தெரிஞ்ச கதைதான், சிரிக்காதீங்க. மறுநாள் அவர் "பதினாறேழு எவ்வளவு?"ன்னார். பதட்டத்துல நான் வலது கையைத் தூக்கிட்டேன். என்னையே எழுப்பினார். "தெரியாது சார், கை மாறிப் போச்சு"ன்னேன். அவர் ஜீப் கிளம்பின சத்தம் அடங்கறதுக்குள்ள பிரம்பு வந்துடுச்சு. மத்தியானம் நீதிபோதனை பீரியட். அரிச்சந்திரன் கதை!

"அப்ப திருக்குறளே சொல்லித்தர வேணாமா?"ன்னு ஒருத்தர் கண்டிப்பா வருவார். வாங்க. அறத்துப்பால், பொருட்பால் 108 அதிகாரத்தையும் பாடத்துல வைக்கச் சொல்லி 2016-லயே ஹைகோர்ட் மதுரைக் கிளையில தீர்ப்பு வந்தாச்சு. தாராளமா சொல்லித்தாங்க. 'இனியவை கூறல்' ஒப்பிக்கிறவனைப் பார்த்து "தடிமாடு, நேரா நில்லுடா"ன்னு கத்தாம சொல்லித்தாங்க, போதும்.

அமெரிக்காவுல ஹார்ட்ஷோர்ன், மே-ன்னு ரெண்டு ஆய்வாளர்கள் 1920-கள்ல ஆயிரக்கணக்கான பிள்ளைகளைச் சோதிச்சாங்க. விடைத்தாளை ரகசியமா நகல் எடுத்து வெச்சுக்கிட்டு, அவனவன் தாளை அவனவனே திருத்தச் சொல்லி, எவன் விடையை மாத்தறான்னு பார்த்தாங்க. (அவங்களே ஏமாத்தித்தான் சோதிச்சாங்க, அது வேற கதை.) ஒரு இடத்துல நேர்மையா இருந்த பிள்ளையே இன்னொரு இடத்துல ஏமாத்துச்சு. எது சரி, எது தப்புன்னு தெரிஞ்சு வெச்சிருக்கறதுக்கும் நடந்துக்கறதுக்கும் பெரிய சம்பந்தம் இல்லைன்னுதான் வந்தது. ஔவையும் நடை, அதாவது நடத்தை, பழக்கம்னுதானே பாடினா? கூடவே நட்பும் தயையும் கொடையும் பிறவிக் குணம்னு சொன்னாளே, அதுல மட்டும் எனக்குக் கிழவியோட சண்டை உண்டு.

"கேட்ட விதம் சரியில்லை"ங்கறீங்களா? சரி, இருக்கலாம். பதிமூணு வயசுப் பையன், கொஞ்சம் பணிவா கேட்டிருக்கலாம். ரெண்டே முக்கால் மணி நேரம் வெயில்ல நின்னா நீங்க எந்தக் குரல்ல கேப்பீங்கன்னும் யோசிங்க. "மேடை நாகரிகம்"ங்கறவங்களுக்கு என்கிட்ட பதில் இல்ல, கும்பிடு மட்டும்தான்.

இதையெல்லாம் விட ஆத்திரம் எதுலன்னா, "வளர்ப்பு சரியில்லை"ன்னு எழுதினீங்க பாருங்க, அதுல. அந்தம்மாவை ஸ்கூலுக்கு வரவழைச்சு மன்னிப்புக் கடிதம் வாங்கியிருக்காங்க. லேட்டா வந்தவர்கிட்ட யாரு வாங்கினது? அந்தம்மா முகத்தை யாராவது நினைச்சுப் பார்த்தீங்களா?

எங்கம்மாவையும் அன்னிக்குக் கூப்பிட்டாங்க. வயல் வேலையைப் பாதியில விட்டுட்டு, சேத்துக் காலோட வந்து ஹெட்மாஸ்டர் ரூம் வாசல்ல நின்னாங்க. இதே வார்த்தைதான், "வளர்ப்பு". அம்மா பதில் பேசலை. ராத்திரி என் உள்ளங்கையில தேங்காயெண்ணெய் தடவிக்கிட்டே, "தெரியலைன்னா ரெண்டு கையையும் கீழயே வெச்சிருக்க வேண்டியதுதானேடா சாமி"ன்னாங்க.

இருபத்தஞ்சு வருஷ ஆபீஸ் மீட்டிங்ல தெரிஞ்ச கேள்விக்கும் அப்படித்தான் வெச்சிருக்கேன்.